பொட்டு இல்லாத இயந்திரம்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. தராசுகளுக்கு, நுண்ணோக்கிகளுக்கு, சன்னல் கம்பிக்கு, மூலையில் நிற்கும் எலும்புக்கூட்டின் நெற்றிக்கு. காலாண்டுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் ஆயுத பூஜை நடந்திருந்தது. ஒன்பது நாள் விடுமுறையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

பூஜையன்று நான் இல்லை. கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸில் உறையூருக்குப் போய்விட்டேன்.

மின்னூட்டம் சேர்க்க நானே செய்த இயந்திரத்தில் மட்டும் பொட்டு இல்லை. பளபளவென்று நின்றது. அதன் பலகையில் 'தொடாதீர்கள்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தேன். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ராசாத்தியக்கா அதைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெடலை மிதித்தேன். மோட்டார் சுற்றியது. பட்டை ஓடியது. பிளாஸ்டிக் பிடி போட்ட கரண்டியைக் கம்பியால் எர்த் என்னும் தரையிணைப்பில் கட்டி, கோளத்தின் அருகே கொண்டுபோனேன். நாலு விரல் தூரம். மூன்று. ஒன்று. கடைசியில் கரண்டி கோளத்தைத் தொட்டே விட்டது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

விடுமுறைக்கு முன் அது மூன்று விரல் நீளத்துக்குப் பொறி விட்டது. அந்தத் திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குப் பள்ளித் தாளாளர் அதைப் பார்க்க வருவதாக இருந்தார்.

போன மாதம் தலைமையாசிரியை பிரேமலதா மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு அனுசுயா. எல்லாச் சோதனையும் வீடியோவுலயே இருக்காம். லேபை இன்னொரு கம்ப்யூட்டர் ரூமா மாத்திடலாம்னு கமிட்டியில பேசிட்டிருக்காங்க. அப்புறம் லேப் அசிஸ்டென்ட் எதுக்குன்னு கேப்பாங்க."

அந்த உதவியாளர் நான்தான். இயற்பியல் பட்டம் முடித்து, ஒரு வருட ஒப்பந்தத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து போகிறேன். வகுப்பெடுக்கும் வேலை எனக்கு வராது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுவேன். பொருட்களோடு இருக்கும் இந்த வேலை எனக்குப் பொருந்தியிருந்தது. இது போனால் இன்னொன்று இப்படிக் கிடைக்காது.

"ஒரு மெஷின் செஞ்சு காட்டறேன் மேம்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வெள்ளை பி.வி.சி. குழாய், இரண்டடி உயரம். அதன் அடியில் ஓர் உருளை, உச்சியில் ஓர் உருளை. இரண்டையும் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, முழங்கால் வலிக்காரர்கள் காலில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்வது. தில்லைநகரில் வாங்கினேன். மோட்டாரும் பெடலும் அம்மாவின் தையல் மெஷினிலிருந்து கழற்றியவை. "தீபாவளிக்கு ஒன்பது பிளவுஸ் இருக்கு. உன் மின்னலை அதுக்குள்ள முடிச்சுக் குடு" என்று அம்மா சொல்லியிருந்தார்.

ரப்பர், அடி உருளையோடு ஒட்டி ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் நகர்கிறது. பட்டையைத் தொடாமல், மிக அருகில் ஒரு சீப்பு வைத்திருக்கிறேன். மின்கம்பியின் செம்பு இழைகளைப் பிரித்து வரிசையாக நிறுத்தியது. கூரான முனையால் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது, காற்றில் விட்டுவிடும். அப்படி விட்டதைப் பட்டை வாங்கிக்கொண்டு மேலே போகும். உச்சியில் இன்னொரு சீப்பு அதை இறக்கிக் கோளத்துக்குக் கொடுக்கும்.

கோளம் என்று சொல்வது இரண்டு ஸ்டீல் பேசின்களை. ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்தது. பெரியகடை வீதியில் ஒரு பாத்திரக்கடையில் ஒவ்வொரு பேசினின் விளிம்பையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கூர் இருந்தால் அந்த வழியாக எல்லாம் போய்விடும்.

"சாம்பாருக்கா பாப்பா, ரசத்துக்கா?" என்றார் கடைக்காரர்.

"உருண்டையா இருந்தாப் போதும்ண்ணே. விளிம்பு உள்ள மடிஞ்சிருக்கணும்."

"கல்யாணச் சீர் எடுக்க வர்ற மாமியாருங்ககூட இப்படித் தடவிப் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு நாலாவது அடுக்கை இறக்கினார்.

பட்டை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொண்டுவந்து கோளத்தின் உள்ளே கொடுக்கும். கொடுத்தது உள்ளே தங்காது. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளிப்பரப்புக்குப் போய்விடும். அதனால் உள்ளே எப்போதும் இடம் இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் கோளம் வாங்கிக்கொள்ளும், எங்கும் ஒழுகாத வரை.

முதல் முறை அது வேலை செய்த அன்று ராசாத்தியக்கா மேசைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். பச்சைமலையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், பள்ளியில் பதினாறு வருடமாகத் துப்புரவு வேலை. நிமிர்ந்தபோது அவருடைய வளையலுக்கும் கோளத்துக்கும் இடையில் 'சட்' என்று ஒரு நீலக்கோடு.

"அடிக்குதே" என்றார் கையை உதறிக்கொண்டு.

"லேசாத்தான்க்கா. ஒண்ணும் ஆகாது."

"லேசா அடிச்சாலும் அடிக்கிற சாமிகிட்ட மரியாதையா இருக்கணும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் நான் ஏதாவது விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மறுநாள் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை முதல் மணி அடித்தபோது பட்டையைக் கழற்றிப் பவுடர் போட்டுத் துடைத்திருந்தேன். சீப்புகளை அரை மில்லிமீட்டர் நகர்த்தியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு அல்ஃபியா வாசலில் எட்டிப் பார்த்தாள். இயந்திரம் செய்யும்போது பேசின்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"என்ன மிஸ், இன்னும் லீவு முடியலையா அதுக்கு?"

"ஈரம் அல்ஃபியா. காவிரியில தண்ணி நிறைய போகுது. இந்தப் பக்கம் கொள்ளிடம். காத்துல ஈரம் இருந்தா மின்னூட்டம் நிக்காது."

"அப்ப ஸ்ரீரங்கத்துல மெஷினே ஓடாதா? உறையூருக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

அவள் போன பிறகு அதை யோசித்தேன். பூஜைக்கு முன்னாலும் காவிரியில் தண்ணீர் இருந்தது. காற்றைக் குற்றம் சொல்வது சுலபம், அது பதில் பேசாது.

அலமாரியிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்தேன். அது நான் செய்த மின்காட்டி. மூடி வழியாக ஒரு செம்புக் கம்பி, உள்ளே அதன் நுனியில் அலுமினியத் தாளின் இரண்டு மெல்லிய கீற்றுகள். பிளாஸ்டிக் ஸ்கேலைத் துணியில் தேய்த்துக் கம்பியைத் தொட்டேன். கீற்றுகள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி விரிந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கீற்றுகள் விரிந்தபடியே இருந்தன.

காற்றின் மேல் குற்றமில்லை.

இயந்திரத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு பாகமாகக் கையில் பிடித்து, அதன் மறுமுனையால் மின்காட்டியின் கம்பியைத் தொட வேண்டும். மின்சாரம் கடத்தாத பொருள் என்றால் கீற்றுகள் அசையக் கூடாது. கடத்தினால் மின்னூட்டம் என் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். உருளைகளால் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பட்டை, அசையவில்லை. குழாயை அடியில் பிடித்துக்கொண்டு உச்சியால் தொட்டேன். கீற்றுகள் உடனே மடிந்தன.

மறுபடி ஏற்றினேன். மறுபடி தொட்டேன். மறுபடி மடிந்தன.

வெள்ளைக் குழாய். கண்ணுக்கு எந்த அழுக்கும் தெரியவில்லை. கோளத்துக்கு உள்ளே ஏறுவதெல்லாம் அந்தக் குழாயின் மேல்பரப்பு வழியாகவே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஒழுகிப் போவதுபோல.

வேதியியல் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, பஞ்சில் நனைத்துக் குழாயை மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்தேன். பஞ்சு மஞ்சளாகியது. இரண்டாவது பஞ்சில் லேசான சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். ஸ்பிரிட்டுக்கு அடியில் சந்தன வாசனை.

ராசாத்தியக்கா வாளியோடு உள்ளே வந்தார்.

"ஓடலையாமே? அல்ஃபியா சொன்னா."

"அக்கா, பூஜைக்கு இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம? இதுக்குத்தான் கூடுதலா வச்சேன். குண்டுல நிக்காம வழுக்கிச்சு, அதனால தூண்ல வச்சேன். ஒன்பது. மஞ்சத்தண்ணியில தொடச்சுட்டு வச்சேன். முந்தாநேத்து சனிக்கிழமை மேடம் போன் பண்ணி, பெரியவங்க வர்றாங்க, மெஷினைப் பளபளன்னு வையின்னாங்க. வந்து ஈரத்துணியில நல்லா தொடச்சு வச்சுட்டுப் போனேன். தொடாதீங்கன்னு எழுதியிருந்தியே, அதனால கை படாம துணியாலதான் தொடச்சேன்."

நான் பஞ்சைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதன் நிறம் அவருக்குப் புரிந்தது.

"இதுவா?" என்றார்.

அப்போதுதான் பிரேமலதா மேடம் வந்தார். பிரிந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு மணிக்கு வர்றாங்க அனுசுயா. என்ன இது?"

"குழாய்ல அழுக்கு மேம். சுத்தம் பண்ணிட்டிருக்கேன். எப்படித் துடைக்கணும்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"நான்தான் மேடம் பொட்டு வச்சேன்" என்றார் ராசாத்தியக்கா. "அதனாலதான் ஓடலையாம்."

மேடம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொட்டு வச்சா ஓடாதா? என் ஸ்கூட்டிக்கு எட்டு வருஷமா பொட்டு வைக்கறேன். அது ஓடலையா?"

"ஸ்கூட்டி வேற மேம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"இங்க பாரு. வர்றவர் கோயிலைச் சுத்தியிருக்கற சித்திரை வீதிக்காரர், ஆசாரம் பாக்கறவர். பூஜை போட்டதால மெஷின் கெட்டுப்போச்சுன்னு அவர் காதுல விழுந்துது, லேபும் போகும், நீயும் போவ, உன் பின்னாடியே நானும் போவேன். ராசாத்தி, நீ இனிமே அது பக்கம் போகாத."

அவர் போய்விட்டார். ராசாத்தியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"நல்லது நடக்கணும்னுதான் வச்சேன்" என்றார். கோபமில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு மணிக்கு நான் வராண்டாவுல நிக்கறேன். என் கண்ணும் பட வேணாம்."

பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

குழாயை ஆறு முறை துடைத்தேன். ஸ்பிரிட் மிச்சமிருந்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். மாடிப்படிக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தி, வாசனை முழுதும் போகும்வரை காத்திருந்தேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். இரண்டரை மணிக்கு எல்லாவற்றையும் பூட்டிப் பெடலை மிதித்தேன். கரண்டி நாலு விரல் தூரத்தில் இருக்கும்போதே பொறி தாவியது. பூஜைக்கு முன்பு இருந்ததைவிட ஒரு விரல் கூடுதல்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வராண்டாவில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

தாளாளர் மூன்று மணிக்குச் சரியாக வந்தார். எழுபது வயதிருக்கும். நெற்றியில் நாமம், தோளில் மடித்த அங்கவஸ்திரம். கூட இரண்டு கமிட்டி உறுப்பினர்கள், ஒருவர் கையில் போன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். தாளாளர் அவசரப்படவில்லை. தராசைப் பார்த்தார், நுண்ணோக்கியைப் பார்த்தார், எலும்புக்கூட்டின் முன் நின்று லேசாகச் சிரித்தார். கடைசியில் என் இயந்திரத்துக்கு வந்தார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கேள். இவனுக்குக்கூட" என்று எலும்புக்கூட்டைக் காட்டினார். "இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

"புதுசு சார்" என்றார் பிரேமலதா மேடம்.

"புதுசுக்குன்னா மொதல்ல வைக்கணும்? சந்தனம் இருக்கா? இருந்தா கொண்டுவரச் சொல்லுங்கோ. இந்தத் தூண்ல மூணு இடத்துல வச்சுட்டு ஆரம்பிக்கட்டும்."

மேடம் என்னைப் பார்த்தார். அல்ஃபியா என்னைப் பார்த்தாள். அலுவலக அறையில் சந்தனம் இருந்தது, அதை எடுத்துவர ஒரு பெண் ஓடியேவிட்டாள். தூணில் மூன்று ஈரப் பொட்டு என்றால் அரை விரல் பொறிகூட வராது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்லக்கூடாது.

சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வந்தன.

"தூண்ல வேண்டாம் சார்" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வாக்கியத்தின் பாதியில் நிற்கும் இடம் அதுதான். நான் கோளத்தின் மேல் பேசினைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே சீப்பும் உருளையும் தெரிந்தன.

"உள்ள வைக்கலாம். இதுக்குள்ள" என்றேன். பிறகு வாசலைப் பார்த்து, "ராசாத்தியக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேடத்தைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"நீங்களே வைங்கக்கா. பேசினோட உள்பக்கம். எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

"ஓடாம போயிடப் போகுது" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஓடும்க்கா."

அவர் உள்பக்கத்தில் வட்டமாக ஒன்பது வைத்தார். சந்தனம், அதன் மேல் குங்குமம். நான் பேசினைக் கவிழ்த்து மூடினேன்.

"ஏம்மா உள்ள?" என்றார் தாளாளர்.

"பட்டை கீழேருந்து மின்னூட்டத்தை ஏத்திட்டு வருது சார். அதை உள்ளதான் குடுக்குது. ஆனா அது உள்ள தங்காது. ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு வெளிப்பக்கம் போயிடும். வெளில இருக்கறதைத்தான் நாம பொத்திப் பாத்துக்கணும். தூண் மேல ஈரமோ தூசியோ எது இருந்தாலும் அதைப் பிடிச்சு எல்லாம் கீழ இறங்கிடும். உள்ள என்ன வச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஏன்னா அங்க எதுவும் இல்ல." நான் மூச்சு விட்டேன். "வச்சது கலையாமயும் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டதாக இல்லை, பார்க்கலாம் என்பதாக.

பொறியைத்தான் முதலில் காட்டுவதாக இருந்தேன். ஆனால் ராசாத்தியக்காவைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது.

"அக்கா, பூஜைப் பொரி மிச்சம் இருக்கா?"

அவர் டீயோடு தின்பதற்காக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். கொண்டுவந்தார். லேசாக நமத்துப் போயிருந்தது. ஓர் அலுமினியக் கிண்ணத்தில் இரண்டு கைப்பிடி போட்டுக் கோளத்தின் உச்சியில் வைத்தேன். பெடலை மெதுவாக மிதித்தேன்.

பட்டை சரசரத்தது. ஒன்றிரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பொரி எழுந்து கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. இன்னொன்று. அப்புறம் எல்லாமே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுந்து, நாலா பக்கமும் பறந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்கள். எலும்புக்கூட்டின் விலாவுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தது. ராசாத்தியக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

தாளாளரின் அங்கவஸ்திரத்தில் நாலைந்து விழுந்திருந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"பிரசாதத்தை அதுவே விநியோகம் பண்றது" என்றார்.

போன் வைத்திருந்த உறுப்பினர், "இன்னொரு தடவை போடும்மா, நான் வீடியோ எடுக்கல" என்றார்.

"வீடியோவுல பாத்தா பொரி கிடைக்காது சார்" என்று அல்ஃபியா சுவரோரத்திலிருந்து சொன்னாள். மேடம் அவளை முறைத்தார். தாளாளர் சிரித்தார்.

பிறகு பொறியைக் காட்டினேன். கரண்டியை அவரே பிடித்துப் பார்த்தார். நாலு விரல் தூரம்.

ஐந்து மணிக்கு மேடம் ஆய்வகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே சொன்னார். "கம்ப்யூட்டர் ரூமை மாடியில பாத்துக்கலாம்னுட்டார். உன்னோட ஆர்டரை அடுத்த வருஷத்துக்கும் போடச் சொல்லியிருக்கார்." வாசல்வரை போய்த் திரும்பினார். "ஸ்கூட்டி விஷயத்தை ஒரு நாள் எனக்குச் சொல்லு. வேற வேறன்னா எப்படி வேறன்னு."

ராசாத்தியக்கா பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பலகையிலிருந்த 'தொடாதீர்கள்' தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் எழுதினேன்: வெள்ளைக் குழாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். ஈரம் பட்டால் மின்னூட்டம் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். சந்தனம், குங்குமம் எல்லாம் கோளத்தின் உள்ளே வைக்கவும். மேல் பேசினைத் தூக்கினால் வந்துவிடும். தூக்குவதற்கு முன் தரையிணைப்புக் கரண்டியால் தொடவும்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

"எழுதியிருக்கலாம்க்கா."

"எழுத வேணாம். வாயாலயே சொல்லியிருக்கலாம்." ஹார்லிக்ஸ் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "மதியம் சாப்பிடலதானே? மிச்சம் இருக்கு, தின்னு."

நமத்த பொரி. தின்றேன். தின்றுகொண்டே அந்தக் கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டினேன்.